மகமை எழுப்பிய மண்டபங்கள்

ஐரோப்பிய நகரங்களின் வரலாற்றைத் தமிழில் எழுதப் புகுவோர் எவர்க்கும் ‘கில்டு ஹால்’ என்னும் சொல் ஒரு தடையாக வந்து நிற்கும். வணிகர் மன்றம் என்றோ, தொழிற்குழு மண்டபம் என்றோ எழுதிவிட்டு மேலே செல்வது எளிது. ஆயினும், மொழிபெயர்ப்பையே நாட்கடமையாகக் கொண்ட எங்களைப் போன்றோர்க்கு அவ்வளவில் மனம் அமைதி பெறுவதில்லை. ஒரு சொல்லுக்குத் தமிழ் தேடும் முயற்சி, அச்சொல் குறிக்கும் பொருளை நம் நாட்டில் தேடும் முயற்சியாகவே முடிகிறது. வணிகர் ஒன்றுகூடித் தமக்குள் விதி வகுத்து, பொருள் திரட்டி, பொதுவிடம் அமைத்து வாழ்ந்த முறை நம்மிடையே இருந்ததா? இருந்ததெனில் அவர்கள் கூடிய இடம் எது? அதனால் ஊருக்கு விளைந்த பயன் என்ன? இவ்வினாக்களைத் திருவனந்தபுரத்திலிருந்து எண்ணிப் பார்ப்பதில் ஒரு பொருத்தம் உண்டு. தென்னாட்டு வணிகக் குழுக்களைப் பற்றிய பழஞ்சாசனங்களுள் தலைசிறந்த ஒன்று, இந்நகருக்கு வடக்கே எழுபது கிலோமீட்டருக்குள் அமைந்துள்ள கொல்லத்தைச் சார்ந்தது.

முதற்கண் ஐரோப்பாவைச் சற்றே பார்ப்போம். இங்கிலாந்தின் வடபகுதியில் யார்க் என்னும் பழம்பெரும் நகரம் உள்ளது. அங்கே 1357ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கப்பெற்ற வணிகர் மண்டபம் ஒன்று இன்றும் நிலைத்து நிற்கிறது. அதன் மேல்தளத்தில் மரத்தூண்கள் தாங்கும் பெருங்கூடம் உள்ளது. வணிகர் கூடி வழக்குப் பேசியதும், கணக்குப் பார்த்ததும், ஒன்றாக இருந்து விருந்துண்டதும் அங்கேதான். அதன் கீழ்த்தளம் ஏழைகளும் முதியோரும் தங்கிப் பேணப்பெற்ற அறச்சாலையாக விளங்கியது. அதனை ஒட்டி வழிபாட்டுக்கென ஒரு சிறு கோயிலும் அமைந்தது. மேலே வாணிகம், கீழே அறம், அருகே வழிபாடு என்னும் இந்த அமைப்பைக் கண்டால், அந்நாளைய வணிகக் குழுவின் முழு வாழ்க்கையையும் ஒரே கட்டடத்தில் கண்டவர்களாகிறோம்.

‘கில்டு’ என்னும் சொல்லின் பிறப்பும் இதனையே காட்டுகிறது. பழைய ஜெர்மானிய மொழிகளில், செலுத்துதல் என்னும் பொருளைத் தரும் வேரிலிருந்து அது பிறந்ததென்று சொல்லாராய்ச்சி வல்லார் கூறுவர். ஒவ்வொருவரும் தம் பங்கைச் செலுத்துவதாலேயே குழு உண்டாயிற்று. முதலில் தோன்றியது பங்குப் பணம்; மண்டபம் அதற்குப் பின்னரே எழுந்தது. இவ்வளவும் அறிந்தபின் தமிழில் நாம் தேட வேண்டிய சொல்லும் எளிதாகப் புலப்படுகிறது. வணிகர் தம் வாணிகத்தின்மேல் தாமே விதித்துக்கொண்டு, பொதுக் காரியத்திற்கென ஒதுக்கிவைக்கும் தொகைக்கு ‘மகமை’ என்பது நம் வழக்கு. அரசன் தண்டும் வரி வேறு, மகமை வேறு. வரி கொடாதவனை அரசு ஒறுக்கும். மகமை கொடாதவன் தன் கூட்டத்தார் முன்னிலையில் தலை நிமிர மாட்டான்.

மகமை திரண்டதும் அடுத்து வருவது நிறைகோல். வாங்குவோன் அறியாத குறையை விற்போன் மறைத்தால், கெடுவது அவன் பெயர் மட்டுமன்று. அக்கடைவீதியின் பெயரே கெடும். ஆகவே ஐரோப்பியக் குழுக்கள் எடையையும் அளவையும் தரத்தையும் தாமே சோதித்தன. ஆம்ஸ்டர்டாம் நகரில் துணியின் தரத்தைச் சோதிக்க அமர்ந்த அலுவலரை ரெம்பிராண்ட் என்னும் ஓவியர் 1662ஆம் ஆண்டில் தீட்டினார். கருநிற உடை அணிந்து, மேசையின்மேல் ஏட்டை விரித்துவைத்திருக்கும் அம்மனிதர்கள் போரில் வென்ற வீரரல்லர்; நாடாண்ட மன்னருமல்லர். துணியில் குறை உண்டா இல்லையா என்று சொல்லும் பொறுப்பு ஒன்றே அவர்களுக்கு இருந்தது. அப்பொறுப்புக்கு அந்நகரம் தந்த மதிப்பை அந்த ஓவியம் இன்றும் உலகிற்கு எடுத்துரைக்கிறது.

இனி, கொல்லத்திற்கு வருவோம். கி.பி. 849ஆம் ஆண்டைச் சார்ந்தனவாகக் கொள்ளப்பெறும் தரிசாப்பள்ளிச் செப்பேடுகளை நேயர்களுட் பலர் கேள்வியுற்றிருப்பீர்கள். சேரமன்னர் தாணு இரவியின் ஐந்தாம் ஆட்சியாண்டில், வேணாட்டை ஆண்ட அய்யனடிகள் அவற்றை வழங்கினார். மேற்கே கடல் கடந்து வந்த சபீர் ஈசோ என்னும் கிறிஸ்தவ வணிகர் கொல்லத்தில் நகரம் அமைத்திருந்தார். அங்கிருந்த தரிசாப்பள்ளி என்னும் தேவாலயத்திற்கு நிலமும், அதில் வாழ்வோரும், பல உரிமைகளும் அளிக்கப்பெற்றன. வட்டெழுத்தில், இடையிடையே கிரந்த எழுத்துகள் விரவ எழுதப்பெற்ற இவ்வேடுகளின் மொழி, தமிழும் மலையாளமும் தனித்தனியே பிரிந்து நில்லாத காலத்து மொழி. ஆதலின், அவற்றைப் படிக்கும்போது தமிழரும் மலையாளிகளும் தத்தம் பழைய மொழியைக் கேட்கும் உணர்வைப் பெறுகின்றனர். அவ்வேடுகள் இப்போது இருவேறு திருச்சபைகளின் பாதுகாப்பில், கோட்டயத்திலும் திருவல்லாவிலும் உள்ளன.

நம் பொருளுக்கு இன்றியமையாத செய்தி ஒன்று அவற்றில் உண்டு. அளித்த அறத்தையும் உரிமைகளையும் காக்கும் பொறுப்பு, ‘அஞ்சுவண்ணம்’, ‘மணிக்கிராமம்’ என்னும் இரு வணிகக் குழுக்களிடம் ஒப்படைக்கப்பட்டது. அஞ்சுவண்ணம் என்பது யூதர் முதலிய மேற்காசிய வணிகர்களின் கூட்டம் என்றும், மணிக்கிராமம் என்பது இந்நாட்டு வணிகர்களின் கூட்டம் என்றும் அறிஞர் பலர் கருதுவர். நிறைகோலைப் பற்றிய உரிமையும், எழுபத்திரண்டு வகை என்று தொகுத்துச் சொல்லப்படும் சிறப்புரிமைகளும் அவ்வேடுகளில் பேசப்படுகின்றன. இறுதியில் சாட்சிகள் ஒப்பமிட்டுள்ளனர். அவர்களுள் சிலர் அரபு எழுத்தில், சிலர் பாரசீகத்தின் பழைய பகலவி எழுத்தில், சிலர் எபிரேய எழுத்தில் தம் பெயரைப் பொறித்தனர். வேணாட்டு அரசர் வழங்கிய கொடை. கிறிஸ்தவர் எழுப்பிய கோயில். அதற்குக் காவல் யூதரும் இந்நாட்டு வணிகரும். சாட்சி சொன்னோர் முஸ்லிம்களும் பாரசீகரும் யூதரும். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் இவ்வேடு நம்மை வியப்பில் ஆழ்த்துவதற்கு இந்த ஒரு காரணமே போதும்.

ஒருவர் வழிபடும் இடத்தை மற்றவர் காப்பது எவ்வாறு இயன்றது என்று நாம் கேட்கலாம். அன்பினால் மட்டும் அது நிகழவில்லை. அதில் கணக்கும் இருந்தது. துறைமுகத்தில் பூசல் எழுந்தால் கப்பல் வாராது. கப்பல் வாராவிடின் எல்லார்க்கும் இழப்பு. ஒருவன் எடையை ஒருவன் நம்ப வேண்டுமாயின், ஒருவன் பள்ளியை ஒருவன் மதித்தல் வேண்டும். வாணிகம் இவ்வாறு மனிதரை ஒருவருக்கொருவர் பொறுப்பாளராக்கியது. அப்பொறுப்பு செம்பில் பொறிக்கப்பட்டபோது, அது தனி மனிதரின் நல்லெண்ணத்தைக் கடந்து ஊரின் சட்டமாகவே நிலைபெற்றது.

கொல்லத்துக் குழுக்கள் தனித்து நின்றவை அல்ல. திசையாயிரத்து ஐந்நூற்றுவர், நானாதேசிகள், வளஞ்சியர் எனப் பல பெயர்கள் தென்னாட்டுக் கல்வெட்டுகளில் வருகின்றன. ஐந்நூற்றுவர் கன்னட நாட்டிலுள்ள ஐஹொளெ என்னும் ஊரைத் தம் மூல இடமாகப் போற்றினர். ஆயினும் அவர்கள் ஒரு மொழிக்கோ ஒரு நாட்டுக்கோ கட்டுண்டவர்கள் அல்லர். ஆயிரம் திசையும் தம் வழியென்று பெயரிலேயே சொல்லிக்கொண்டவர்கள். சோழர் காலத்தில் உழவர் ஊருக்கு ‘ஊர்’ என்னும் அவையும், அந்தணர் ஊருக்குச் ‘சபை’ என்னும் அவையும் இருந்தவாறே, வணிகர் ஊருக்கு ‘நகரம்’ என்னும் அவை இருந்தது. நகரம் என்னும் சொல் அன்று ஓர் ஊரை மட்டுமன்றி, அவ்வூரை ஆண்ட வணிகர் அவையையும் குறித்தது. செட்டிநாட்டு வணிகர் தம்மை நகரத்தார் என்று இன்றும் வழங்குவதில் அப்பழைய பொருளின் ஒலி கேட்கிறது.

இக்குழுக்கள் மகமை திரட்டிய முறையை அறியப் பிரான்மலைக்குச் செல்ல வேண்டும். இன்றைய சிவகங்கை மாவட்டத்திலுள்ள அம்மலைக் கோயிலில், 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த கல்வெட்டு ஒன்று உள்ளது. பல ஊர் வணிகர் ஒன்றுகூடி, தாம் விற்கும் பொருள் ஒவ்வொன்றிலும் இவ்வளவு கோயிலுக்கென்று தாமே விதித்துக்கொண்ட உடன்படிக்கை அது. உப்பு, அரிசி, பயறு, பாக்கு, மிளகு, மஞ்சள், சுக்கு, கடுகு, சீரகம் என்று தொடங்கி, இரும்பு, பஞ்சு, நூல், புடைவை, மெழுகு, தேன் என விரிந்து, சந்தனம், அகில், பட்டு, பன்னீர் ஆகியவற்றைக் கடந்து, குதிரை, யானை வரையில் அப்பட்டியல் செல்கிறது. அதனைப் படிப்போர் கண்முன் ஒரு முழுக் கடைவீதியே விரிகிறது. ஏழை வீட்டு அடுப்புக்கு வேண்டிய உப்பும், மன்னர் படைக்கு வேண்டிய யானையும் ஒரே கணக்கில் நிற்கின்றன. பெருவணிகன் பெரும்பொருளைக் கொடுத்தான். சிறுவணிகன் சிறிது கொடுத்தான். கொடாமல் நின்றவன் இல்லை என்பதே அவ்வுடன்படிக்கையின் கருத்து.

இனி, முதலில் எழுப்பிய வினாவுக்கு வருவோம். இத்துணைப் பெரிய குழுக்கள் கூடிய மண்டபம் எங்கே? யார்க் நகரிலும், பெல்ஜியத்தின் தலைநகரான பிரஸ்ஸல்ஸிலும் இருப்பவை போன்ற வணிகர் மாளிகைகள் நம் நாட்டுப் பழைய ஊர்களில் காணப்படவில்லையே என்று ஐயுறுவோர் உண்டு. விடை நம் கண்முன்னேயே நிற்கிறது. வணிகர் தம் முடிவுகளைப் பொறித்த கல் எங்கே இருக்கிறது? பெரும்பாலும் கோயிற் சுவரில் இருக்கிறது. அவர்கள் கூடிய இடம் கோயில் மண்டபம்; ஆவணக் களரி கோயிற் சுவர்; மகமையின் பெரும்பகுதி சென்றடைந்த இடம் கோயிற் பண்டாரம், குளம், விளக்கு, சத்திரம். ஐரோப்பிய வணிகர் தம் குழுவுக்கெனத் தனி மாளிகை எழுப்பினர். நம் வணிகர், ஊருக்குப் பொதுவான இடத்தில் தம் குழுவின் பெயரைப் பொறித்தனர். இவற்றுள் எது உயர்ந்தது, எது தாழ்ந்தது என்று தீர்ப்புக் கூறுவது நம் நோக்கமன்று. இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே என்பதையும், வடிவம் வேறானதையும் மனத்திற் கொண்டாற் போதும்.

பிறந்த ஊரை விட்டுப் பிற மாநிலங்களில் வாழும் நமக்கு, அவ்வணிகர் கடல் கடந்த இடங்களில் என்ன செய்தனர் என்பது இன்னும் நெருங்கிய செய்தியாகும். இன்றைய தாய்லாந்தின் மேற்குக் கரையில் தக்குவாப்பா என்னும் இடத்தில், 9ஆம் நூற்றாண்டைச் சார்ந்த தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்துள்ளது. அவனிநாரணம் என்னும் பெயருடைய குளம் ஒன்று வெட்டப்பட்டதையும், அது மணிக்கிராமத்தார் உள்ளிட்டோரின் காவலில் விடப்பட்டதையும் அக்கல்வெட்டு கூறுகிறது. கொல்லத்தில் தேவாலயத்தைக் காத்த மணிக்கிராமம் என்னும் அதே பெயர், கடலுக்கு அப்பால் ஒரு குளத்தைக் காக்கிறது! சுமத்திராவில் பாருசு என்னும் கர்ப்பூரத் துறைமுகத்தருகே 1088ஆம் ஆண்டுத் தமிழ்க் கல்வெட்டு ஒன்று கிடைத்தது. திசையாயிரத்து ஐந்நூற்றுவர் அங்கே கூடி, மரக்கலங்களில் வருவோர் செலுத்த வேண்டிய தொகையை விதித்த செய்தி அதில் காணப்படுகிறது. அயல்நாட்டு மண்ணிலும் அவர்கள் கூடினர். கூடியவுடன் மகமையைப் பற்றியே பேசினர்.

எல்லாவற்றினும் நம் உள்ளத்தைத் தொடுவது பர்மாவின் பழைய தலைநகரமாகிய பகானில் கிடைத்த கல்வெட்டு. 13ஆம் நூற்றாண்டைச் சார்ந்த அது, வடமொழிச் சுலோகம் ஒன்றுடன் தொடங்கித் தமிழில் தொடர்கிறது. அங்கே ‘நானாதேசி விண்ணகர்’ என்னும் திருமால் கோயில் இருந்தது. பல நாட்டு வணிகரின் கோயில் என்பது அப்பெயரின் பொருள். மலைமண்டலத்து மகோதையர்பட்டினம், அஃதாவது இன்றைய கேரளத்துக் கொடுங்கல்லூர்ப் பகுதியிலிருந்து சென்ற குலசேகர நம்பி என்பவர், அக்கோயிலில் ஒரு மண்டபம் எடுத்து, கதவு அமைத்து, விளக்கு ஒன்றும் ஏற்றிவைத்தார். மண்டபம், கதவு, விளக்கு ஆகிய இம்மூன்றையும் சற்றே எண்ணிப் பாருங்கள். மண்டபம் இருந்தால் வந்தவர் கூடி நிற்கலாம். கதவு இருந்தால் காவல் உண்டு. விளக்கு இருந்தால் இரவில் வருவோனும் வழி அறிவான். ஊர்விட்டு வந்தவர்க்கு வேண்டுவன இம்மூன்றுமே அல்லவா? மலைநாட்டிலிருந்து சென்ற ஒருவர், பர்மிய மண்ணில், தமிழ் எழுத்தில், பல நாட்டு வணிகரின் பொதுக்கோயிலுக்குச் செய்த அறம் இது.

இதனோடு ஐரோப்பிய நிகழ்ச்சி ஒன்றை ஒப்பிட்டுப் பார்க்கலாம். நார்வே நாட்டின் பெர்கன் துறைமுகத்தில், ஜெர்மானிய நகரங்களைச் சார்ந்த ஹான்சா வணிகர் 14ஆம் நூற்றாண்டிலிருந்து தமக்கென ஒரு பண்டகசாலைத் தெருவை நிறுவி வாழ்ந்தனர். அங்குள்ள வீடுகள் யாவும் மரத்தாலானவை. தீ விபத்துக்கு அஞ்சி வீடுகளில் அடுப்பு மூட்டுவதைத் தடுத்திருந்தனர். ஆகவே குளிர் காய்வதற்கும் உணவு உண்பதற்கும் பின்புறமிருந்த பொதுக்கூடங்களில்தான் அனைவரும் கூடவேண்டும். அவ்வணிகர் அவ்வூர்ப் பெண்களை மணக்கலாகாது என்பதும் விதி. பல தலைமுறைகள் வாழ்ந்தும் அவர்கள் அவ்வூராரோடு கலவாதிருக்கவே அவ்விதி செய்தது. தமக்குள் ஒற்றுமை மிக்க அக்கூடம், ஊரார்க்கு ஒரு மூடிய கதவாகவே தோன்றியிருக்கும். லண்டனில் அதே வணிகர் கொண்டிருந்த ‘ஸ்டீல்யார்டு’ என்னும் இருப்பிடத்தை 1598ஆம் ஆண்டில் முதலாம் எலிசபெத் அரசியார் மூடச் செய்தார். ஊரோடு கலவாத செல்வம் ஒரு நாள் ஊராரின் கசப்புக்கு ஆளாவது எங்கும் காணும் இயல்பே.

இனி, திருவனந்தபுரத்திற்குத் திரும்புவோம். இங்கே கிழக்குக் கோட்டையிலிருந்து கிள்ளிப்பாலம் வரை நீளும் சாலைக் கடைவீதியை அறியாதார் இலர். 1789 முதல் 1798 வரை திருவிதாங்கூரின் திவானாக விளங்கிய ராஜா கேசவதாசர் இதனை அமைத்தார். இளமையில் ஒரு வணிகரிடம் பணியாற்றிப் பழகியவர் அவர் என்பர். அதனாற்போலும், தலைநகருக்குக் கோட்டை மட்டும் போதாது, கடைவீதியும் வேண்டும் என்பதை அவர் நன்குணர்ந்தார். நாஞ்சில் நாட்டு நெல்லும், தெற்கேயும் கிழக்கேயும் உள்ள தமிழ் ஊர்களின் சரக்கும் இங்கே வந்தன. அவற்றோடு தமிழ் பேசும் வணிகரும் வந்தனர். அரசர் பாலராமவர்மரின் காலத்தில் நெசவாளர் தமிழகத்திலிருந்து வந்து குடியேறிய பாலராமபுரமும் இந்நகருக்கு அண்மையிலேயே உள்ளது. அத்தறிகளில் நெய்த துணி இன்று கேரளத்துக் கைத்தறியின் பெருமையாகப் பேசப்படுகிறது. வந்தவர் கொண்டுவந்த கைத்திறம், வந்த நாட்டின் பெயரால் சிறப்புற்றது. குடியேறியவர் ஊருக்குச் செலுத்தும் மகமை பணமாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை.

அண்மைக் காலத்தில் மகமையின் ஆற்றலை விளங்கக் காட்டிய இரு கூட்டத்தாரைக் குறிப்பிடாமல் இவ்வுரை நிறைவுறாது. ஒருவர் நகரத்தார். சிங்கப்பூரின் மார்க்கெட் தெருவில் அவர்கள் ‘கிட்டங்கி’ என்னும் நீண்ட கூடங்களை வைத்திருந்தனர. ஒரே கூடத்தில் பல கடைகள். ஒவ்வொரு கடைக்கும் ஒரு பெட்டகம், ஒரு தாழ்ந்த மேசை, கணக்கேடு. இரவில் அவ்விடமே படுக்கை. குடும்பத்தை ஊரில் விட்டு, மூன்றாண்டுத் தவணையில் சென்றவர்கள் அங்கே ஒரே சமையலை உண்டு வாழ்ந்தனர். பெர்கன் நகரத்துப் பொதுக்கூடத்தை இது நினைவூட்டுகிறதன்றோ? ஆயின் அவர்கள் கிட்டங்கியோடு நின்றாரல்லர். 1859ஆம் ஆண்டில் அந்நகரில் தண்டாயுதபாணி கோயிலை எழுப்பினர். அதன் தைப்பூசத் திருவிழாவில் இன்று பல இனத்தவரும் வந்து நிற்கின்றனர். மார்க்கெட் தெருக் கிட்டங்கிகள் 1970களின் இறுதியில் நகரச் சீரமைப்புக்காக இடிக்கப்பட்டன, கோயில் நிற்கிறது. தமக்கென வைத்துக்கொண்ட கூடம் காலத்தோடு மறைந்தது. பிறர்க்கும் திறந்துவைத்த இடம் நிலைத்தது.

மற்றொருவர் விருதுநகர், சிவகாசி முதலிய ஊர்களின் நாடார் வணிகர். 19ஆம் நூற்றாண்டில் வண்டிகளில் சரக்கேற்றிச் சென்ற அவர்கள், வண்டியும் மாடும் சரக்கும் இரவில் பாதுகாப்பாகத் தங்கப் ‘பேட்டை’ என்னும் மதில் சூழ்ந்த இடங்களை அமைத்தனர். அங்கே தங்கிய வணிகர் தந்த மகமை, உறவின்முறை என்னும் அமைப்பின்கீழ்ப் பொதுநிதியாக வளர்ந்தது. பல கோயில்களின் வாயில்கள் தமக்கு அடைக்கப்பட்டிருந்த காலம் அது. கமுதிக் கோயிலைப் பற்றிய வழக்கு, 1897இல் நேர்ந்த நுழைவின் காரணமாகத் தோன்றி, லண்டனிலிருந்த பிரிவி கவுன்சில் வரை சென்றும், 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. ஆயினும் மகமை சோரவில்லை. விருதுநகரில் 1880களிலேயே அந்நிதியைக் கொண்டு பள்ளி ஒன்றை நிறுவியிருந்தனர். அப்பள்ளியின் கதவை எல்லாச் சமூகத்துப் பிள்ளைகளுக்கும் திறந்தனர். தமக்கு மூடிய கதவைக் கண்டவர்கள், தாம் அமைத்த கதவைத் திறந்துவைத்தனர். மகமையின் வரலாற்றில் இதனினும் சிறந்த பக்கம் ஒன்றைக் காட்டுதல் அரிது.

இவ்விடத்தில் உண்மையை மறையாது கூறுதல் முறை. நம் பழைய வணிகக் குழுக்களும் குறையற்றவை அல்ல. குலத்தால் எல்லை வகுத்துக்கொண்டவை உண்டு. உழைப்போரைத் தாழ்த்தியவை உண்டு. தரிசாப்பள்ளிச் செப்பேட்டிலேயே, நிலத்தோடு அதில் பணிபுரியும் மக்களும் சேர்த்துக் கொடுக்கப்படுகின்றனர். ஐரோப்பியக் குழுக்களும் காலப்போக்கில், புதியவர் தொழிலுக்குள் புகாதவாறு வேலி கட்டின. தலைவரின் மைந்தர்க்கு எளிய வழியும், ஏழைத் தொழிலாளிக்கு அரிய வழியும் வகுத்தன. தரத்தைக் காக்கத் தோன்றிய விதி, இலாபத்தைக் காக்கும் விதியாயிற்று. பிரெஞ்சுப் புரட்சியின்போது, 1791ஆம் ஆண்டில், அந்நாட்டுத் தொழிற்குழுக்கள் சட்டத்தால் ஒழிக்கப்பட்டபோது, அவற்றுக்காக வருந்தியோர் மிகுதியாக இருந்திருக்க மாட்டார்கள். 1695இல் பிரெஞ்சுப் படையின் குண்டுவீச்சால் அழிந்த பிரஸ்ஸல்ஸ் சதுக்கத்தைச் சில ஆண்டுகளுக்குள் முன்னிலும் அழகாக எடுப்பித்த குழுக்கள், அடுத்த நூற்றாண்டின் இறுதியில் சட்டத்தின் ஒரே எழுத்தால் மறைந்தன. குண்டு வீழ்த்தியதைக் கட்டலாம். மக்கள் நம்பிக்கை வீழ்ந்தால் கட்ட ஆள் வாரார். அம்மாளிகைகள் இன்றும் அழகாகவே நிற்கின்றன. காண்போர் வருகின்றனர், படம் பிடிக்கின்றனர், செல்கின்றனர். நிறைகோலைத் தேடி எவரும் வருவதில்லை.

இவை யாவும் நமக்கு உணர்த்துவது யாது? பிற மாநிலங்களில் வாழும் தமிழர் இன்றும் மண்டபம் கட்டுகின்றனர். தில்லியில் 1946ஆம் ஆண்டிலும் பெங்களூரில் 1950ஆம் ஆண்டிலும் தமிழ்ச் சங்கங்கள் தோன்றின. மும்பையிலும் கொல்கத்தாவிலும் திருவனந்தபுரத்திலும் சங்கங்கள் உள்ளன. நம்மில் பெரும்பாலோர் வணிகர் அல்லர். அலுவலகங்களிலும் ஆலைகளிலும் மருத்துவமனைகளிலும் பணிபுரிவோர். ஆயினும் மாதந்தோறும் நாம் செலுத்தும் சந்தா, அப்பழைய மகமையின் வழித்தோன்றலே. அதனைக் கொண்டு எழும் கட்டடத்தில் ஆண்டுக்கு ஒருமுறை பொங்கல் விழாவும், இடையிடையே திருமணமும் நிகழ்ந்தால் மட்டும் போதுமா? யார்க் நகரத்து மண்டபத்தின் கீழ்த்தளம் எதற்காக இருந்தது என்பதை நாம் நினைவுகூர வேண்டும்.

ஊருக்குப் புதிதாக வேலை தேடி வரும் இளைஞன் முதல் இரு நாள் தங்குவதற்கு அங்கே இடம் உண்டா? கட்டட வேலைக்கு வந்து விபத்துக்குள்ளான தொழிலாளியின் குடும்பத்திற்கு, மருத்துவமனையின் மொழியை எடுத்துச் சொல்ல அங்கிருந்து ஒருவர் செல்வாரா? தமிழ் எழுதப் படிக்க விரும்பும் அயல்வீட்டு மலையாளக் குழந்தைக்கோ, கன்னடக் குழந்தைக்கோ அங்கே ஒரு பலகை உண்டா? நம் குழந்தைகள் இருக்கும் ஊரின் மொழியைப் பிழையறக் கற்பதற்கு அங்கே ஏற்பாடு உண்டா? வரவும் செலவும் எல்லார்க்கும் தெரிய எழுதப்படுகின்றனவா? இவ்வினாக்களே இன்றைய நிறைகோல். இவற்றுக்கு ஆம் என்று விடை கூறக்கூடிய சங்கம், கூரை ஓலையால் வேயப்பட்டிருப்பினும் மணிமண்டபமே. அவ்வாறு கூற இயலாதது, பளிங்குக் கல்லால் இழைத்திருப்பினும் வெறுங் கட்டடமே.

‘கில்டு ஹால்’ என்னும் சொல்லுக்குத் தமிழ் யாது என்று தொடங்கினோம். அகராதிக்கு ‘வணிகர் மன்றம்’ என்பது போதும். வாழ்க்கைக்கு அது போதாது. பலர் தத்தம் பங்கைச் செலுத்தி, ஒரே அளவுகோலை எல்லார்க்கும் வைத்து, வந்தவர்க்குக் கதவைத் திறந்து வைக்கும் இடம் எதுவோ, அதுவே மன்றம். பகானுக்குச் சென்ற மலைமண்டலத்து மனிதர் மண்டபத்தோடும் கதவோடும் நில்லாமல் விளக்கையும் வைத்தார். அதன் ஒளி விண்ணகருக்கு வந்தவர் எல்லார்மேலும் விழுந்தது. நாம் வாழும் ஊர்களில் நாம் கட்டும் மண்டபங்களிலும் அவ்விளக்கு எரிதல் வேண்டும்.